வண்டி ஏன் நின்றது

இருபது வருஷமாக உக்கடத்தில் பழைய இரும்புக் கடை வைத்திருக்கிறேன். என் கடைக்கு வராத சாமான் கிடையாது. மூடிய மில்லின் தறிச்சட்டம், கல்யாண மண்டபத்து ஜெனரேட்டர், ஒருமுறை பல் டாக்டரின் நாற்காலிகூட வந்திருக்கிறது. வாங்கியதற்காக நான் வருத்தப்பட்ட சாமான் ஒன்றே ஒன்றுதான். 1996 மார்கழியில் வடக்கே மிலிட்டரி ஏலத்தில் எடுத்து வந்த அலுமினிய லோடில் அது கிடந்தது. முன்னால் இரண்டு சறுக்கு மட்டை, பின்னால் டாங்கிக்கு இருப்பது மாதிரி அகலமான ரப்பர் பட்டை, நடுவில் நீள சீட்டு. சக்கரம் என்று ஒன்றுகூட இல்லை. இது என்ன எழவு என்று கடையில் ஒருத்தருக்கும் தெரியவில்லை.

உடைத்து உருக்கக் கொடுத்திருந்தால் அன்றோடு முடிந்திருக்கும். எனக்குத்தான் வாயும் சும்மா இருக்காது, கையும் சும்மா இருக்காதே. பெரியநாயக்கன்பாளையத்துக்குப் போன் போட்டு ஐயாசாமியை வரச் சொன்னேன்.

ஐயாசாமிக்கு அப்போது நாற்பத்தைந்து வயது இருக்கும். காங்கேயத்துப் பக்கம் காடுகரையில் கூலி வேலை செய்த குடும்பம். மிலிட்டரிக்குப் போய் இன்ஜின் வேலை கற்றுக்கொண்டு, இடது கையில் இரண்டு விரல் நுனியைப் பனிக்குக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தவர். மேட்டுப்பாளையம் ரோட்டில் தகரக் கொட்டகை போட்டு ஒர்க்‌ஷாப் நடத்தினார். எல்லாரும் கைவிட்ட பழைய டூ ஸ்ட்ரோக் வண்டிகள் அங்கேதான் போய்ச் சேரும். ஸ்கூட்டர், மொபெட், தோட்டத்துக்கு மருந்தடிக்கிற மெஷின், எதுவானாலும் சரி. ஸ்பானரை எடுக்கும் முன் அவர் கேட்கிற கேள்வி ஒன்றுதான்.

“ஏனுங்க, ஓடிட்டிருக்கைல நின்னுச்சுங்களா, இல்ல நிறுத்திப்போட்டு மறுபடி எடுக்கைல வரலீங்களா?”

அந்தப் பதிலிலேயே பாதி வேலை முடிந்துவிடும். பிறகு பிளக்கைக் கழற்றி மூக்கருகே வைத்து மோந்து பார்ப்பார். பெட்ரோல் அதிகமா, ஆயில் அதிகமா, தீப்பொறி வரவில்லையா என்று சொல்லிவிடுவார். “போலீஸ் நாய்க்குப் போகவேண்டிய சம்பளம் அண்ணா உங்களுக்கு” என்று நான் கிண்டல் செய்வேன். சிரிப்பார். அதிகம் சிரிக்கிற ஆள் இல்லை, எனக்காகச் சிரிப்பார்.

வருஷா வருஷம் தை மாதத்தில் ஒருநாள் கொட்டகையைச் சாத்திவிட்டுக் காங்கேயம் பஸ் ஏறுவார். திரும்பி வரும்போது பையில் ஒரு பெரிய பாட்டில் தேங்காய் எண்ணெய் இருக்கும். அதில் பாதியை என் வீட்டுக்கு ஊற்றிக் கொடுப்பார். மீதியைக் கைக்கு வைத்துக்கொள்வார். குளிரில் விரல் வெடிக்காமல் இருக்கவும், வேலை முடிந்ததும் கிரீஸை எடுக்கவும் மெக்கானிக்குகளுக்கு அதைவிட நல்ல மருந்து கிடையாது. யார் கொடுத்தது என்று ஒருமுறை கேட்டேன். “ஒரு அம்மாங்க” என்றார். அதற்கு மேல் நான் தோண்டவில்லை.

அன்று என் கடைக்குள் நுழைந்தவர் அந்த வண்டியைப் பார்த்தார். நின்றார். பக்கத்தில் போய் இன்ஜினை இழுத்து எடுக்கிற கயிற்றின் கைப்பிடியைத் தொட்டார். மற்றதெல்லாம் கம்பெனிச் சாமானாக இருக்க, அந்தக் கைப்பிடி மட்டும் கோடாலிக் காம்பை அறுத்துச் செதுக்கிய மரத்துண்டு.

“இது நான் செதுக்குனதுங்க பாய்.”

கேலி செய்ய வாயெடுத்தவன் அவர் முகத்தைப் பார்த்து அடங்கிவிட்டேன். டீ வாங்கி வரச் சொன்னேன். டீ ஆறும்வரை அவர் சொன்னதுதான் இது.

காஷ்மீரையும் தாண்டிய பனிமலையில் ஒரு முகாம். அங்கே ஆளையும் சாமானையும் ஏற்றிப் போக இந்த வண்டிகள். ஸ்னோ ஸ்கூட்டர் என்பார்கள். அவற்றை ஓடவைப்பது ஐயாசாமியின் வேலை. ஓட்டுகிறவர்களில் ஒருவன் கதிரேசன், இருபத்திரண்டு வயது, காங்கேயத்துக்காரன். அந்த முகாமில் தமிழ் பேச அவர்கள் இரண்டு பேர்தான். அவன் இவரை அண்ணா என்றான். இவர் அவனைத் தம்பி என்று கூப்பிடவில்லை, தம்பியாகவே வைத்துக்கொண்டார்.

1989 தை மாதம். மேலே இருந்த காவல்சாவடியில் ஒருவனுக்கு மூச்சு முட்டுகிறது, கீழே இறக்க வேண்டும் என்று செய்தி வந்தது. அதற்கு முந்தைய நாள்தான் ஐயாசாமி இந்த வண்டியை முழுக்கப் பிரித்துப் பார்த்து மாட்டியிருந்தார். கூடாரத்துக்குள் ஒரே இழுப்பில் பிடித்தது. அண்ணன் பார்த்த வண்டி என்று கதிரேசன் ஏறிப் போனான். வழியில் மேகம் இறங்கிக் கண் தெரியாமல் போயிருக்கிறது. வண்டியை நிறுத்திவிட்டுக் கலையட்டும் என்று காத்திருந்திருக்கிறான். மறுபடி இழுத்தபோது இன்ஜின் வரவில்லை. இரண்டு நாள் கழித்துத் தேடிப் போனவர்களில் ஐயாசாமியும் ஒருவர். விரல் நுனிகள் போனது அப்போதுதான். கதிரேசன் வண்டியின் மேல் சாய்ந்திருந்தான். கைப்பிடியை அவன் கையிலிருந்து பிரித்தெடுக்கச் சிரமப்பட்டார்கள். உள்ளங்கைத் தோல் மரத்திலேயே ஒட்டிக்கொண்டு நின்றது. மேலே மூச்சு முட்டிக் கிடந்தவனை அடுத்த நாள் ஹெலிகாப்டர் எடுத்துப் போனது. அவன் பிழைத்தான்.

“வண்டியக் கீழ கொண்டாந்து கொட்டாய்க்குள்ள வெச்சு இழுத்தாங்களாமுங்க. நான் அப்ப ஆஸ்பத்திரில. ஒரே இழுப்புல ஓடிச்சாம். கோளாறே இல்லைன்னு எழுதி, குளிருன்னு முடிச்சுப்போட்டாங்க. கோளாறில்லாத வண்டி அங்க ஏனுங்க நின்னுச்சு?”

கதிரேசனின் அம்மா பெயர் நாச்சியம்மாள். காங்கேயத்தில் ஒரு எண்ணெய் மில்லில் கொப்பரை காயப்போடுகிற களத்தில் வேலை. ஐயாசாமி ஊர் திரும்பியதும் முதலில் போனது அவரிடம்தான். அந்த அம்மாள் அழவில்லையாம். வண்டியில் என்ன கோளாறு கண்ணு என்று மட்டும் கேட்டிருக்கிறார். தெரியலைங்கம்மா, தெரிஞ்சா நானே வந்து சொல்றேன் என்று இவர் வாக்குக் கொடுத்திருக்கிறார். அதன்பின் வருஷா வருஷம் அவன் செத்த நாளில் இவர் போவார். அவர் சோறு போடுவார், எண்ணெய் பாட்டிலை நீட்டுவார், “தெரிஞ்சுதா கண்ணு?” என்பார். இல்லீங்கம்மா என்று சொல்லிவிட்டு இவர் பஸ் ஏறுவார்.

“தப்பு என்னுதா இல்லையா, அது ஒண்ணு தெரிஞ்சாப் போதுமுங்க எனக்கு” என்றார் ஐயாசாமி. “எட்டு வருசமா ஒவ்வொரு நட்டா மனசுலயே கழட்டிக் கழட்டி மாட்டறேன் பாய்.”

வண்டியை என் டெம்போவிலேயே ஏற்றி அவர் கொட்டகைக்கு அனுப்பினேன். உதவி செய்கிறோம் என்ற நினைப்பு எனக்கு. மடையன்.

நான்கு நாள் அவர் வேறு வேலை தொடவில்லை. நானும் தினம் மத்தியானம் கடையை ஆட்களிடம் விட்டுவிட்டுப் போய் உட்கார்ந்தேன். பெட்ரோல் டாங்கைக் கழுவிப் பார்த்தார், சுத்தம். கார்பரேட்டர் ஜெட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், அடைப்பில்லை. பிஸ்டனில் கீறலில்லை. எதுவும் கெடவில்லை என்று ஒவ்வொன்றாகத் தெரியத் தெரிய அவர் முகம் தெளிந்துகொண்டே வந்தது. மூன்றாம் நாள் புது பிளக் போட்டு, பெட்ரோலும் ஆயிலும் கலந்து ஊற்றிக் கயிற்றை இழுத்தார். நாலாவது இழுப்பில் பிடித்தது. வெள்ளைப் புகை ரோடு வரை போக, பக்கத்து லேத்துக்காரர்கள் எல்லாம் ஓடிவந்து வேடிக்கை பார்த்தார்கள். சக்கரமில்லாத வண்டி கத்துவதைப் பார்த்து ஒருத்தர் விழுந்து விழுந்து சிரித்தார். ஐயாசாமியும் சிரித்தார். அவர் தனக்காகச் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

“அப்புறமென்னண்ணா, குளிருதான். உங்க தப்பில்ல. தலை முழுகிட்டு வாங்க” என்றேன்.

“இன்னும் மேக்னெட் பாக்கிங்க.”

தீப்பொறி பிறக்கிற இடம் அது. இரும்புச் சக்கரத்துக்குப் பின்னால் இரண்டு சின்னப் பாயின்டுகள் ஒன்றையொன்று தொட்டு விலகும். விலகும்போது பிளக்கில் பொறி வரும். அதை அவர் கடைசிக்கு வைத்திருந்ததன் காரணம் எனக்குப் புரிந்தது. மற்ற பாகங்களை வேறு யாராவது தொட்டிருக்கலாம். மேக்னெட்டை இறுக்கியதும் நட்டுக்கும் சக்கரத்துக்கும் குறுக்கே சிவப்புப் பெயிண்டால் ஒரு கோடு போட்டுவிடுவது அவர் வழக்கம். வேறு ஆள் கழற்றினால் கோடு விலகிக் காட்டிக்கொடுத்துவிடும். அந்தக் கோடு அப்படியே நேராக இருந்தது. அவருக்குப் பிறகு அதை யாரும் திறக்கவில்லை.

நாலாம் நாள் திறந்தார். பாயின்டுகளுக்குப் பக்கத்தில் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு கம்பளித் துண்டு உண்டு. உரசுகிற இடத்துக்கு ஆயில் காட்டிக்கொண்டே இருப்பதற்காக வைப்பது. அதைக் குறடால் பிடித்து வெளியே எடுத்தார். வழக்கம்போல மூக்கருகே கொண்டுபோனார். இன்னொருமுறை மோந்தார்.

“பாய், சித்தெ இதை மோந்து பாருங்க.”

மோந்தேன். எனக்கென்ன, சட்டென்று சொல்லிவிட்டேன். “காறிப்போன தேங்காய் எண்ணெய்.”

அவர் பழைய சோப்புப் பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டார். பிறகு சொன்னார்.

“அந்த முகாம்ல எல்லாம் கடுகெண்ணெய்க்காரங்க பாய். தேங்காண்ணெய் எங்க ரெண்டு பேருகிட்டத்தான். அவுங்கம்மா பார்சல் அனுப்பியிருந்தாங்க. ஐயாசாமிக்கும் குடு, கை வெடிச்சுப்போகும், ரெண்டு பேரும் தடவிக்கோங்கன்னு. இந்தத் துண்டைக் கையுறை போட்டுட்டு மாட்ட முடியாதுங்க. வெறுங்கையில இரும்பத் தொட்டாத் தோல் ஒட்டிக்கும். அதனால எண்ணெயை அடுப்புல காட்டி உருக்கி, நல்லாத் தேச்சுப்போட்டுத்தான் எடுப்பேன். அந்தக் கையோடதான் இதை அமுக்கி வெச்சேன்.”

“ஒரு சொட்டு எண்ணெயா ஆளைக் கொல்லும்? போங்கண்ணா” என்று கோபமாகவே கேட்டேன். கோபம் அவர் மேல் இல்லை.

பதிலுக்கு அவர் ஐஸ் கிடைக்குமா என்று கேட்டார். எங்கள் உக்கடம் மீன் மார்க்கெட்டில் இல்லாத ஐஸா? மறுநாள் காலையில் ஒரு கோணிப்பை நிறையக் கொண்டுபோனேன். கம்பளித் துண்டைப் பழையபடி மாட்டி இன்ஜினைக் கால் மணி நேரம் ஓட்டினார். நிறுத்தினார். மேக்னெட்டைச் சுற்றி ஐஸையும் உப்பையும் கொட்டி, சாக்கால் மூடினார். இரண்டு மணி நேரம் காத்திருந்தோம். பிறகு பிளக்கைக் கழற்றி இன்ஜின் மேல் படுக்கவைத்து, என்னைப் பார்க்கச் சொல்லிவிட்டுக் கயிற்றை இழுத்தார். பொறி இல்லை. பத்து தடவை, இருபது தடவை இழுத்தார். ஒன்றுமே இல்லை. சாக்கை விலக்கி, மேக்னெட்டைத் திறந்து டார்ச் அடித்துக் காட்டினார். பாயின்டுகளுக்கு நடுவே வெள்ளையாக, சோற்றுக் கஞ்சி ஆடை மாதிரி ஒன்று படிந்திருந்தது. இன்ஜின் சூட்டில் எண்ணெய் உருகித் தெறித்திருக்கிறது. ஆறியதும் உறைந்துவிட்டது. ஒரு காகிதத் துண்டை நடுவில் விட்டு இழுத்துத் துடைத்து, மேக்னெட்டை மூடினார். மறுபடி கயிற்றை இழுத்தார். நீலப் பொறி பளிச்சென்று அடித்தது.

“ஓடற வரைக்கும் ஓடும். நிறுத்தி ஆறுனா வராது. கொட்டாய்ச் சூட்டுல வெச்சா மறுபடி வந்துரும்” என்றார். “தேங்காண்ணெய் உறையும்னு எங்கூர்ல பச்சப் புள்ளைக்கும் தெரியும் பாய். எனக்குத் தோணலையே. மெஷினுக்கு ஊத்துனதாவே நெனைக்கலைங்க. அது கைக்குப் போட்ட எண்ணெயில்லீங்களா.”

ஒரு காகிதத் துண்டு போதும். கதிரேசனுக்கு மேக்னெட்டைத் திறக்கத் தெரியாது. திறக்கக் கூடாது என்று கண்டித்து வைத்திருந்தவரும் இவரேதான். ஐயாசாமி வாய்விட்டு அழுதிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவர் சாக்கை மடித்து வைத்துவிட்டு, கரைந்து ஓடிய ஐஸ் தண்ணீரைத் துடைப்பத்தால் வாசலுக்குத் தள்ளினார்.

பதினோரு நாளில் அவன் செத்த தேதி வந்தது. போகாதீர்கள் என்றேன். போனாலும் வழக்கம்போல இல்லீங்கம்மா என்று சொல்லிவிட்டு வாருங்கள் என்றேன்.

“வாக்குக் குடுத்திருக்கேன். தெரிஞ்சும் தெரியலைன்னு சொல்லோணுமுங்களா?”

“எண்ணெய்ன்னு சொன்னா அந்தம்மா என்ன ஆவாங்க? யோசிச்சீங்களா?”

“அத மட்டுந்தான் பாய் யோசிக்கறேன்” என்றார். கூட வர முடியுமா என்று கேட்டார். ஏழு வருஷப் பழக்கத்தில் அவர் என்னிடம் கேட்டது அது ஒன்றுதான்.

இரண்டு பேரும் காலை பஸ்ஸில் காங்கேயம் போனோம். மில் களம் முழுக்க உடைத்த தேங்காய் காய்ந்துகொண்டிருந்தது. நாச்சியம்மாள் எலும்பும் தோலுமாக, நிமிர்ந்த உடம்பு. எங்களைக் கண்டதும் கையிலிருந்த பலகையை வைத்துவிட்டு வந்தார். என்னைப் பார்த்து, “வாங்க பாய், இந்த வெயில்ல அவனோட நீங்களும் வந்துட்டீங்க” என்று நிழலில் சாக்கை விரித்துப் போட்டார். தூக்குப் போசியில் எங்களுக்குச் சோறு வைத்திருந்தார். பக்கத்திலேயே எண்ணெய் பாட்டிலும் தயாராக இருந்தது. இவர் சோற்றில் கை வைக்கவில்லை. அவர் இவரையே பார்த்தார்.

“தெரிஞ்சுதா கண்ணு?”

“தெரிஞ்சுதுங்கம்மா.”

களத்தில் வேலை செய்துகொண்டிருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். அந்த அம்மாள் மெதுவாக உட்கார்ந்தார்.

“தப்பு என்னுதுங்க. கையில அழுக்கோட வேலை பார்த்துப்போட்டேனுங்க. அது உள்ள போயி, குளிர்ல உறைஞ்சு, வண்டி வராமப் போச்சுங்க. வேற யாரு மேலயும் தப்பில்லீங்கம்மா. என் கைதான்.”

“என்ன அழுக்கு?”

ஐயாசாமி வாயைத் திறந்தார். அந்த மனுஷனுக்குப் பொய் வராது, எனக்குத் தெரியும். நான் நாளைக்கு நூறு பொய் சொல்லிப் பிழைக்கிறவன். அல்லா என்னை மன்னிக்கட்டும்.

“கிரீஸுங்கம்மா” என்றேன்.

அந்த அம்மாள் என்னைப் பார்க்கவில்லை. ஐயாசாமியின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார். குரல்கூட உயரவில்லை.

“எண்ணெய் குடுத்து அனுப்பிச்சேனே கண்ணு. ரெண்டு சொட்டு தேச்சுத் தொடைச்சிருந்தா அந்தக் கிரீஸு போயிருக்குமே. எம்பையன் வந்திருப்பானே. ஏன் கண்ணு தொடைக்கல?”

எனக்குக் காதைப் பொத்திக்கொள்ள வேண்டும்போல இருந்தது. ஐயாசாமி தலையைக் குனிந்தே இருந்தார்.

“மறந்துபோட்டேனுங்கம்மா.”

நாச்சியம்மாள் எழுந்தார். பாட்டிலை எடுத்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டார். “இனி வராத கண்ணு” என்று சொல்லிவிட்டுக் களத்துக்குள் போனார். கண்ணு என்றுதான் சொன்னார், கடைசிவரை. பஸ்ஸில் பல்லடம் தாண்டும்வரை ஐயாசாமி ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தார். பிறகு என் தோளில் முகத்தை வைத்து அழுதார். பஸ்ஸே பார்த்தது. பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

உண்மையைச் சொல்லியிருந்தால் அந்த அம்மாள் இவரை மன்னித்திருப்பார் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். தன்னைத்தான் மன்னித்திருக்க மாட்டார். இவருக்கு அது தெரியும். எட்டு வருஷம் மகனாகப் போய் வந்த வீட்டை அதற்காகத்தான் விட்டுக்கொடுத்தார்.

அடுத்த தைக்கு என்னால் கூடப் போக முடியவில்லை. கலவரம் நடந்த அந்த வருஷம் கோயம்புத்தூரில் யாரும் எங்கேயும் நிம்மதியாகப் போகவில்லை. ஐயாசாமி மட்டும் போய், மில் கேட்டுக்கு வெளியே மத்தியானம் வரை நின்றுவிட்டு வந்தார். நாச்சியம்மாள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லையாம். 99 தையில் இருவரும் போனோம். அன்றும் கேட்டுக்கு வெளியேதான் நின்றோம். இரண்டு குளிர்காலமாக எண்ணெய் படாமல் இவர் விரல்கள் வெடித்து ரத்தம் கட்டியிருந்தன. வேலை முடிந்து வெளியே வந்த அந்த அம்மாள் கடந்து போய்விட்டார். நாலடி போனவர் திரும்பினார். இவர் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். உள்ளே போய், ஒரு பாட்டிலோடு வந்து கையில் திணித்தார்.

“இனியாச்சும் தொடைச்சுப்போட்டு வேலை செய் கண்ணு” என்றார்.

“செரிங்கம்மா” என்றார் ஐயாசாமி.

அதில் எனக்கு அவர் பாதி ஊற்றித் தரவில்லை. அவரும் ஒரு சொட்டுகூடத் தொடவில்லை. பாட்டில் கொட்டகையில் ஸ்பானர் பலகைக்கு மேலே இருக்கிறது. மார்கழியில் அது வெள்ளையாக உறைந்துவிடும். அந்த ஒரு மாதம் அவர் வேலை மேஜையை எதிர்ப்பக்கம் திருப்பிப் போட்டுக்கொள்வார்.